பக்கத்துக் கிணறும் நமது கணக்கும்

மாசி, பங்குனி மாதங்களில் கொங்குச் சீமையின் தோட்டங்களில் இரவு நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும். போர் வண்டி ஓடுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் சுற்றிலும் நாலைந்து வீடுகளில் தூக்கம் போய்விடும். 'மேற்குத் தோட்டத்தில் போர் போடுகிறார்களாம், எத்தனை அடி போகிறதோ, நம் கிணறு என்ன ஆகுமோ' என்ற கவலைதான் காரணம். மறுநாள் காலையில் 'தண்ணீர் விழுந்ததுங்களா?' என்று விசாரிக்கப் போகிறவர், விசாரித்துவிட்டுச் சும்மா திரும்புவதில்லை. வண்டிக்காரரிடம் தமக்கும் ஒரு நாள் குறித்துக்கொண்டுதான் வருகிறார். அதற்கு வீட்டில் இருக்கும் நகை வங்கிக்குப் போகிறது.

இந்த ஓட்டத்தைப் பற்றிப் பட்டணத்தில் பேசுகிறவர்கள், 'விவசாயிகளுக்குப் பேராசை, நாளைய தினத்தைப் பற்றி நினைப்பதில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். மேடையில் ஏறும் அதிகாரிகளும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று அறிவுரை கூறி இறங்குகிறார்கள். இந்த நோய்க்குப் பேராசைதான் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம் நிலைமையில் இருந்துகொண்டு பார்க்கும்போது ஒவ்வொரு விவசாயியும் சரியான கணக்கைத்தான் போடுகிறார். எல்லோரும் சரியாகவே கணக்குப் போட்டும் எல்லோரும் நஷ்டப்படுகிறார்கள். இந்த விந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ளப் பொருளாதார நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆட்டக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆடுபுலி ஆட்டத்தில் நம் காயை நகர்த்தும் முன்பாக, எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று யோசிக்கிறோம் அல்லவா? அவரும் நம்மைப் பற்றி அப்படியே யோசிக்கிறார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிப்பதும், ஏலத்தில் விலை கேட்பதும், கிணற்றை ஆழப்படுத்துவதும் இத்தகைய ஆட்டங்கள்தான். நமக்குக் கிடைக்கப் போகும் லாபம் நம் கையில் மட்டும் இல்லை, பக்கத்துக்காரர் கையிலும் இருக்கிறது. 1944ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதையும், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞரும் சேர்ந்து இதைப் பெரிய நூலாக எழுதினார்கள். 1950இல் ஜான் நாஷ் என்ற இளைஞர் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். ஒவ்வொருவரும் மற்றவர் செய்கைக்கு ஏற்றபடி தமக்கு நல்லதைச் செய்கிற ஒரு நிலையான இடம் இத்தகைய ஆட்டங்களில் உண்டு. அங்கே வந்துவிட்டால் தனியாக விலகுகிறவருக்கு லாபம் எதுவும் இல்லை என்பதால் யாரும் விலக மாட்டார்கள். ஆனால் அப்படி நிலைத்த இடம் எல்லோருக்கும் நல்ல இடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த உண்மைக்காக அவருக்கு 1994இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் கிணறுகள் வந்து நிற்கும் இடமும் அத்தகைய இடம்தான்.

இரண்டு தோட்டங்களின் கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே ஊற்றில் இரண்டு கிணறுகள். ஒன்று மேற்குத் தோட்டத்துக்காரருடையது, மற்றது கிழக்குத் தோட்டத்துக்காரருடையது. இரண்டு பேரும் இப்போதுள்ள ஆழத்திலேயே நிறுத்திக்கொண்டால் ஆளுக்கு வருஷம் 60,000 ரூபாய் நிகர வருமானம் கிடைக்கிறது. போர் போட்டுப் புது மோட்டார் இறக்கினால் வாங்கிய கடனுக்குத் தவணையும் வட்டியுமாக வருஷம் 25,000 ரூபாய் கட்ட வேண்டும்.

மேற்கே இருப்பவர் மட்டும் போர் போடுகிறார் என்போம். ஊற்றில் பெரும்பகுதி அவர் பக்கம் இறங்கிவிடும். அவருடைய வருமானம் ஒரு லட்சமாக உயரும். தவணை போக 75,000 அவருக்கு நிற்கும். கிழக்கே இருப்பவர் கிணற்றில் சேறுதான் மிஞ்சும். மானாவாரியாக எதையோ விதைத்து 20,000 பார்ப்பார். இரண்டு பேருமே போர் போட்டால் என்ன ஆகும்? பூமிக்குள் இருக்கும் தண்ணீர் பழைய தண்ணீர்தான். அதை முன்போலவே இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வருமானம் அதே 60,000. தவணை 25,000 போக ஆளுக்கு 35,000 மிஞ்சும்.

இப்போது கிழக்குத் தோட்டத்துக்காரர் இடத்தில் நீங்கள் இருந்து யோசித்துப் பாருங்கள். 'அவர் போர் போடாமல் இருந்தால், நான் போட்டால் எனக்கு 75,000, போடாவிட்டால் 60,000. அவர் போட்டுவிட்டால், நானும் போட்டால் 35,000, போடாவிட்டால் 20,000.' ஆக, அவர் எதைச் செய்தாலும் போர் போடுவதே உங்களுக்கு நல்லது என்று கணக்கு சொல்கிறது. அவருக்கும் இதே கணக்குத்தான். இரண்டு பேரும் போடுகிறார்கள். 60,000 கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் 35,000 வாங்கிக்கொண்டு, 'என்ன செய்வதுங்க, விவசாயத்தில் முன்னைப்போல் கட்டுபடியாகவில்லை' என்று பேசிக்கொள்கிறார்கள். மிச்சம் 25,000 வங்கிக்கும் போர் வண்டிக்கும் மோட்டார்க் கடைக்கும் போய்விட்டது.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? பயம்தான் இருக்கிறது. 75,000 மேல் உள்ள ஆசையைவிட, 20,000 ரூபாயில் தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயமே பல பேரை வண்டிக்காரரிடம் தள்ளுகிறது. போன வருஷம் போட்டவர் அடுத்த வருஷம் மறுபடியும் ஆழப்படுத்துகிறார். கிணற்றுக்குள் சைடு போர், பிறகு கம்ப்ரசர், பிறகு நீர்மூழ்கி மோட்டார் என்று ஆட்டம் சுற்றுச் சுற்றாக நடக்கிறது. அறுபது அடியில் கையால் மொண்ட தண்ணீருக்கு இன்று ஆயிரம் அடி போகிறவர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1166 பிர்காக்களில் 462 பிர்காக்கள், ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படுபவை என்று குறிக்கப்பட்டன.

கவலை இறைத்த காலத்தில் இந்த ஓட்டம் ஏன் இல்லை? அன்றைய விவசாயி நம்மைவிட உத்தமர் என்பதல்ல. மாடு களைத்துவிடும். கிணறு ஆழமாக ஆக வடக்கயிறு நீளும், இறைக்கும் நேரம் கூடும், ஒரு சால் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள் மாட்டுக்கு நுரை தள்ளிவிடும். மாடுதான் அன்றைய சட்டம். ஆயில் எஞ்சின் வந்தபோது அந்தச் சட்டம் தளர்ந்தது, மின்சார மோட்டாரோடு முற்றிலும் போயிற்று. 1990 முதல் நம் மாநிலத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவன் நான் அல்ல. சிறு விவசாயியிடம் அந்தச் செலவையும் ஏற்றினால் அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டார் ஓடினால் கையை விட்டுக் காசு போகாது என்ற நிலையில், ஆட்டத்தில் நம்மைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை என்பதை மறைப்பானேன்?

ஆட்டங்களில் வகை உண்டு

எல்லா ஆட்டமும் இப்படிப்பட்டதல்ல. ஒரு ஏரிப் பாசனத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் நடவு செய்தால் எலியும் குருத்துப் பூச்சியும் ஒரே வயலில் வந்து குவிவதில்லை. சேதம் எல்லோருக்கும் கொஞ்சமாகப் பங்காகிவிடும். முன்னால் நட்டவரும் பின்னால் நட்டவரும்தான் அடிபடுவார்கள். இந்த ஆட்டத்தில் ஊரோடு சேர்ந்து போவதே ஒவ்வொருவருக்கும் லாபம், தனியாக விலகினால் நஷ்டம். ஆகவே தண்ணீர் திறக்கும் தேதியையும் நடவுத் தேதியையும் தண்டோரா போட்டுச் சொன்னாலே போதும், வேறு கட்டாயம் தேவைப்படாது.

கிணற்று ஆட்டம் இதற்கு நேர் எதிர். ஊர் முழுவதும் நிறுத்திக்கொண்டால், நிறுத்தாத ஒருவருக்குத்தான் பெருத்த லாபம். ஆகவே இங்கே அறிவுரை எடுபடாது. அறிவுரையைக் கேட்டு முதலில் நிறுத்துகிற நல்ல மனிதர் 20,000 ரூபாயோடு உட்கார்ந்திருப்பார். நல்லவரைத் தண்டிக்கும் ஆட்டத்தில் 'நல்லவராக இருங்கள்' என்று பிரசாரம் செய்வது என்ன நியாயம்? சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இதே கதிதான் நேரக் கண்டிருக்கிறேன். சிறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் குழாய் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் மிச்சமான தண்ணீரைப் பூமியில் விட்டுவைத்தால் பக்கத்துக்காரர் மோட்டார் அதை எடுத்துக்கொள்ளும் என்பதால், மிச்சத்தைக் கொண்டு இன்னும் ஒரு ஏக்கருக்குக் குழாய் இழுக்கிறோம். பயிர் கூடுகிறது, ஊற்று அப்படியே இறங்குகிறது.

அப்படியானால் தப்ப வழியே இல்லையா? இருக்கிறது. மேலே போட்ட கணக்கு, ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு எழுந்து போகும் ஆட்டத்துக்கு உரியது. பக்கத்துத் தோட்டத்துக்காரரோ ஆயுசு முழுவதும் பக்கத்தில் இருக்கப் போகிறவர். 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற பேராசிரியர், இதே ஆட்டத்தைப் பல தடவை திரும்பத் திரும்ப ஆடினால் எந்த முறை வெற்றி பெறும் என்று கம்ப்யூட்டரில் ஒரு போட்டி நடத்தினார். அறிஞர்கள் பலர் நுட்பமான தந்திரங்களை அனுப்பினார்கள். ஜெயித்தது அனைத்திலும் எளிய முறை. அனடோல் ராபபோர்ட் என்பவர் அனுப்பியது. முதலில் ஒத்துப்போ, அதன் பிறகு எதிராளி போன தடவை செய்ததை நீயும் செய். அவ்வளவுதான். இரண்டாம் முறை இன்னும் அதிகம் பேர் கலந்துகொண்ட போட்டியிலும் அதுவே ஜெயித்தது. முறை வைத்து மாடு மாற்றிக்கொள்வதும், அறுவடைக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் இந்த முறைதான் என்பதை நம் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கிணற்று விஷயத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு தடைகள் இருக்கின்றன. நாளைக்கு ஒத்துப்போகலாம் என்று இன்றைக்குப் போட்ட போரைத் திரும்ப மூட முடியாது, கடனும் திரும்பாது. போர் போடுவது ஒரு தடவை ஆட்டம். ஆனால் எந்தப் பயிர் வைப்பது, எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டுவது என்பவை ஒவ்வொரு போகமும் ஒவ்வொரு நாளும் திரும்ப வருகிற ஆட்டம். ஆகவே பேச்சை ஆழத்தில் தொடங்குவதைவிடப் பயிரிலும் மணியிலும் தொடங்குவதே புத்திசாலித்தனம். இன்னொரு தடை, இங்கே ஆடுகிறவர்கள் இரண்டு பேர் அல்ல, எட்டுப் பத்துப் பேர். ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக நாமும் மோட்டாரைக் கூடுதலாக ஓட்டினால் அடி அவருக்கு மட்டும் விழாது, ஒன்றும் செய்யாத மற்ற ஆறு பேருக்கும் சேர்ந்து விழும். அவர்களும் பதிலுக்கு ஓட்டுவார்கள். பழிக்குப் பழி ஊரையே வறட்டிவிடும். தப்புச் செய்தவரை மட்டும் தொடும்படியான ஒரு தண்டம் வேண்டும்.

கலிபோர்னியாவில் நடந்தது

இங்கேதான் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவருடைய முதல் ஆராய்ச்சியே கிணறுகளைப் பற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்துக் கடலோரமாக 'வெஸ்ட் பேசின்' என்ற நிலத்தடி நீர்ப்பகுதி இருக்கிறது. அங்கே எல்லோரும் போட்டி போட்டு இறைத்ததில் ஊற்று கடல் மட்டத்துக்குக் கீழே போய், உப்பு நீர் உள்ளே புகுந்தது. நம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நேர்ந்ததும் இதே கதைதான்.

1945இல் வழக்கு தொடங்கியது. ஏறக்குறைய 500 தரப்புகள். தனியாகக் குறைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த உபாயம் ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருந்தது. 'நான் குறைத்துக்கொள்கிறேன்' என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'மொத்த நீர் உரிமையில் பெரும்பங்கு வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் என் கையெழுத்து செல்லும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். போதுமான கையெழுத்து சேரவில்லை என்றால் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. முதலில் கையெழுத்திட்டவர் ஏமாளி ஆகிவிடுவார் என்ற பயம் இதனால் போயிற்று. 1955இல் அந்த இடைக்கால ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1961இல் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. நீர்க் கண்காணிப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, யார் எவ்வளவு இறைத்தார் என்ற கணக்கு வருஷா வருஷம் எல்லோர் கைக்கும் அச்சாகி வந்தது.

நம்மோடு அதை ஒப்பிடும்போது நியாயமாக இரண்டு வித்தியாசங்களைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இறைத்தவர்களில் பெரும்பாலோர் நகரசபைகளும் தண்ணீர்க் கம்பெனிகளும் எண்ணெய் ஆலைகளும். நம்மைப் போன்ற இரண்டு ஏக்கர்க்காரர்கள் அல்ல. குறைத்துக்கொண்ட தண்ணீருக்குப் பதிலாகத் தொலைவில் இருந்து வந்த ஆற்று நீரை விலைக்கு வாங்க அவர்களுக்கு வழி இருந்தது. நமக்கு அது இல்லை. இருந்தாலும் 'நீ போட்டால்தான் என் கையெழுத்தும்' என்ற வாசகத்துக்கு விலை ஒன்றும் கிடையாது. அதை நம் ஊர்த் திண்ணையிலும் எழுதலாம்.

அந்த அம்மையார் பிற்பாடு பல நாடுகளின் பொதுச் சொத்துக்களைப் பார்த்து, 1990இல் ஒரு நூல் எழுதினார். ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடும் வாய்க்கால் பஞ்சாயத்தைப் பற்றி அதில் விரிவாகச் சொல்கிறார். விவசாயிகளே நீதிபதிகள். நூற்றாண்டுகளாக நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுவான அம்சங்கள் நமக்குப் புதியவை அல்ல. தண்ணீருக்குப் பங்காளிகள் யார் யார் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. விதியைப் பங்காளிகளே போட்டார்கள். காவல் பார்த்தவரும் அவர்களில் ஒருவர் அல்லது அவர்களிடம் கூலி வாங்கியவர். முதல் தப்புக்குச் சிறிய அபராதம், மறுபடியும் செய்தால் பெரியது. நம் ஏரிகளில் நீர்க்கட்டி மடையைத் திறந்து மூடி, அறுவடையில் ஆளுக்கு இத்தனை என்று நெல் வாங்கிய முறை இதுதானே? உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்ததை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். பேசிவிட்டுப் போய் இரவில் போர் போடுகிறோம்.

ஏரிக்கு இருந்த கட்டுப்பாடு கிணற்றுக்கு ஏன் வரவில்லை என்றால், ஏரித் தண்ணீர் எல்லோர் கண்ணிலும் படுகிறது. மடை எவ்வளவு திறந்தது, யார் வயலில் எத்தனை நேரம் பாய்ந்தது என்பது ஊருக்கே தெரியும். நிலத்தடி நீர் யார் கண்ணிலும் படாது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் காலத்தில் இருந்து, நிலம் யாருடையதோ அடியில் உள்ள நீரும் அவருடையது என்பதே வழக்கமாகிவிட்டது. பூமிக்குள் வரப்பு இல்லை என்பது சட்டத்துக்குத் தெரியாவிட்டாலும் கிணற்றுக்குத் தெரிகிறது.

ஆகவே, விதி போட்டால் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் போட வேண்டும். பஞ்சாப் மாநிலத்தில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. இத்தனை அடிக்கு மேல் போகாதே, இத்தனை லிட்டருக்கு மேல் இறைக்காதே என்று அது சொல்லவில்லை. ஜூன் 10ஆம் தேதிக்கு முன் நெல் நடவு கூடாது என்று மட்டும் சொன்னது. கடும் கோடையில் ஆவியாகிப் போகும் தண்ணீரை மிச்சம் பிடிப்பதே நோக்கம். நட்ட வயலை யாரும் மடியில் கட்டி மறைக்க முடியாது என்பதால் அந்த விதி நடந்தது. அறுவடை பின்னால் தள்ளிப் போய், கோதுமை விதைப்புக்கு முன் இடைவெளி குறைந்து, வைக்கோலை எரிப்பது குறுகிய நாட்களில் குவிந்தது என்ற கெடுதலும் கூடவே வந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்ற மழை குறைந்த கிராமம் இருக்கிறது. பொபட்ராவ் பவார் என்பவர் 1990 வாக்கில் அதன் தலைவராக வந்த பிறகு, பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று கிராமசபை கட்டுப்பாடு செய்தது. அந்த வருஷம் பெய்த மழையைப் பார்த்து, இந்தப் போகத்தில் எதை எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். கரும்பு நிற்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் தேவையில்லை. வரப்பில் நடந்து போகிற பிள்ளையே சொல்லிவிடும்.

நம் மாநிலத்திலும் 2003இல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றினார்கள். முறையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகளை எந்த அதிகாரி போய் எண்ணிக்கொண்டிருப்பார்? அனுமதிச் சீட்டுக்கு ஒரு விலை ஏற்பட்டிருக்கும், அதைக் கொடுக்க முடிந்தவர் போர் போட்டிருப்பார். சர்க்கார் செய்யக்கூடிய உதவி வேறு இருக்கிறது. தடுப்பணை, பண்ணைக்குட்டை, குழாய் மானியம் ஆகியவற்றைத் தனித்தனி ஆளுக்குக் கொடுப்பதோடு, ஒரே ஊற்றில் உள்ள கிணற்றுக்காரர்கள் சேர்ந்து கட்டுப்பாடு செய்துகொண்டால் அவர்களுக்கு முதலில் என்று வைக்கலாம். அப்போது விலகி நிற்பவருக்கும் ஒரு நஷ்டம் உண்டாகும், கணக்கு மாறும்.

இந்தக் காரியத்தில் சிறு விவசாயிக்கு ஒரு கஷ்டமும் ஒரு பலமும் இருக்கின்றன. கஷ்டம் என்னவென்றால் ஆட்டம் சமமானதல்ல. பணம் உள்ளவர் மூன்று போர் போட்டு மூன்றும் பொய்த்தாலும் நாலாவது போடுவார். நமக்கு ஒன்று பொய்த்தால் நிலம் போயிற்று. ஓட்டத்தில் முதலில் வற்றுவது எப்போதும் ஆழம் குறைந்த கிணறே. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்று முதலில் வாய் திறக்க வேண்டியவரும் நாம்தான். பலம் என்னவென்றால் நம் மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடும்பாறைப் பகுதி. இதில் தண்ணீர் மேலே உள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. ஆற்று மணற்பாங்கைப் போலப் பல மைலுக்குப் பரந்து ஓடுவதில்லை. ஆகவே ஒரே சரிவில் உள்ள எட்டுப் பத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்தாலே பலன் அந்த எட்டுப் பத்துக் கிணறுகளில்தான் பெரும்பாலும் தெரியும். யார் மோட்டார் போட்டால் யார் கிணறு இறங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள்தான் இந்த ஆட்டத்தில் உங்கள் கூட்டாளிகள். தாலுகாவைத் திருத்த வேண்டியதில்லை.

'ஏனுங்க, ஏழு பேர் ஒத்துக்கொண்டு எட்டாவது ஆள் மாட்டேன் என்றால்?' என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவிலும் ஒரு நகரசபை கையெழுத்துப் போட மறுத்தது. அங்கே நீதிமன்றம் இருந்தது. இங்கே வழித்தடம், வாய்க்கால் குறுக்கே போகும் குழாய், சாவு வாழ்வு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஆயுதமாக எடுக்கச் சொல்ல மாட்டேன், அது பங்காளிச் சண்டையில் போய் முடியும். எட்டாவது ஆள் எத்தனை இறைத்தால் மற்ற ஏழு பேருக்கும் கட்டுப்பாடு இன்னும் லாபமாக இருக்கும் என்று முதலிலேயே கணக்குப் பார்த்துவிட வேண்டும். அவருடைய தோட்டம் சிறியதானால் விட்டுவிடலாம். பெரியதானால் அவர் இல்லாமல் ஒப்பந்தமே வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு விளையாட்டை ஆடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் விவசாயிகளை உட்கார வைத்து இத்தகைய தண்ணீர் விளையாட்டை ஆட வைத்தார்கள். ஆடிய கிராமங்களில் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆடாத கிராமங்களைவிட அதிகமாகத் தண்ணீர்க் கணக்குப் பதிவேடும் கட்டுப்பாடும் ஏற்பட்டிருந்ததாக 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஆடுவதற்கு நான் ஒரு கணக்குச் செய்து வைத்திருக்கிறேன். புளியங்கொட்டை போதும்.

ஐந்து பேர் வட்டமாக உட்காருங்கள். நடுவில் 50 புளியங்கொட்டை வையுங்கள். அதுதான் ஊற்று. ஒவ்வொரு போகத்துக்கும் ஆளுக்கு ஒரு சீட்டில், மற்றவருக்குக் காட்டாமல், சோளம் அல்லது நெல் என்று எழுத வேண்டும். சோளத்துக்கு ஒரு கொட்டை தண்ணீர், வருமானம் 3 ரூபாய். நெல்லுக்கு மூன்று கொட்டை தண்ணீர், வருமானம் 5 ரூபாய். சீட்டுகளைப் பிரித்து, அதன்படி கொட்டைகளை எடுத்துவிட்டு, மழைக்காக 5 கொட்டை திரும்ப நடுவில் போடுங்கள். முதல் ஆட்டத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஐந்து பேரும் நெல் எழுதினால் போகத்துக்குப் பத்துக் கொட்டை குறையும். நாலு போகத்தில் ஆளுக்கு 20 ரூபாய் சேர்ந்திருக்கும். ஐந்தாவது போகத்தில் பத்துக் கொட்டைதான் இருக்கும், ஐந்து பேருக்கும் பதினைந்து வேண்டும். எல்லோரும் சோளம் எழுதினால் பத்துப் போகத்தில் ஆளுக்கு 30 ரூபாய், நடுவில் 50 கொட்டையும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பேசிக்கொள்ளலாம். ஆனால் சீட்டு ரகசியம்தான். மூன்றாவதில் பேசவும் செய்யலாம், சீட்டையும் வெளிப்படையாக வைக்க வேண்டும், சொன்னதை மீறியவர் மறு போகத்தில் ஒரு ரூபாய் குழுவுக்குக் கட்ட வேண்டும், திரும்பவும் மீறினால் மூன்று ரூபாய். மூன்று ஆட்டத்திலும் கடைசியில் மிஞ்சிய கொட்டையை எண்ணிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். விளையாட்டாகத்தான் தொடங்கும். இரண்டாவது ஆட்டத்தில், பேச்சில் சோளம் என்று சொல்லிவிட்டுச் சீட்டில் நெல் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, உண்மைக் கிணறுகளைப் பற்றிய பேச்சைத் தொடங்கலாம்.

பேச்சு தொடங்கினால் முதலில் வேண்டியது ஒரு கயிறு. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி விடிவதற்குள், யாரும் மோட்டார் போடுவதற்கு முன், எட்டுக் கிணற்றிலும் விட்டு அளக்க வேண்டும். போர்க் குழாயில் கயிறு சிக்கும். அங்கே மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியபின் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று குறித்தால் போதும். அளக்கப் போகிறவர் தனியாகப் போகக்கூடாது. மேற்குத் தோட்டத்துக் கிணற்றைக் கிழக்குத் தோட்டத்துக்காரரும், கிழக்குத் தோட்டத்துக் கிணற்றை மேற்குத் தோட்டத்துக்காரரும் அளந்து, டீக்கடைச் சுவரில் சுண்ணாம்பால் எழுத வேண்டும்.